வரி வீடு தேடி வருது. சலுகைக்கு மலை இறங்கணும்! கொடைக்கானலில் கால் இழந்த சிப்பாய்களின் பாடு

கொடைக்கானல்:

நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர் வீட்டுக்கு வரிச் சலுகை உண்டு. தமிழ்நாட்டில் அது புதுச் சமாச்சாரம் இல்லை. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டாது. வரி மட்டும் தவறாமல் தட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை!

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நகராட்சிக் கம்ப்யூட்டருக்கு வீட்டின் சதுர அடி தெரியும். தெரு தெரியும். பாக்கி எவ்வளவு என்று தெரியும். அந்த வீட்டுத் திண்ணையில் கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மட்டும் தெரியாது.

ஒரு சிப்பாயின் கணக்கு

இப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஓட்டு வீடு. 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கை போனவர். கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் உள்ள ராணுவச் செயற்கைக் கால் மையத்தில் கால் மாட்டிவிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஊர் திரும்பினார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் கிடையாது. 'மிலிட்டரிக்காரர்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மலையில் சமதளம் ஏது? வாசல்படி இறங்கினால் சரிவு. மழை பெய்தால் வழுக்கல். மூடுபனி இறங்கினால் கைத்தடி நுனி தெரியாது. இவர் வரிச் சலுகை கேட்டு எங்கே போக வேண்டும் தெரியுமா? திண்டுக்கல்லுக்கு!

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் என்று இருப்பவர்கள் முதலில் கொடைக்கானலுக்கு வந்து சேரணும். அதற்கே ஒரு காலை நேரம் போய்விடும்.

பழனியில் இருப்பவரும் இதே அலுவலகத்துக்குத்தான் போகிறார். ஆனால் அவருக்குச் சமதள ரோடு, 60 கிலோமீட்டர். மலைக்காரருக்கு அப்படியா?

தனியாகவும் போக முடியாது. துணைக்கு மகனோ பேரனோ வரணும். அவனுக்கு ஒருநாள் கூலி போச்சு. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் இன்னொரு நாள். கடைசியில் சலுகைத் தொகை பெரிதா, அலைந்த செலவு பெரிதா என்று பார்த்தால், பல வீடுகளில் "விடுப்பா, கட்டித் தொலைச்சிடலாம்" என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

1985-க்கு முன்னால் இன்னும் மோசம். அப்போது இதெல்லாம் மதுரை மாவட்டம். அந்த ஆண்டு திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதால் தூரம் கொஞ்சம் குறைந்தது. அலைச்சல் நிற்கவில்லை.

வீட்டு வரியா, சொத்து வரியா?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. படைவீரர் நலத்துறைக் காகிதத்தில் இதன் பெயர் 'வீட்டு வரிச் சலுகை'. கிராம ஊராட்சியில் வசூலிப்பதும் வீட்டு வரிதான். நகராட்சிக்கு வந்தால் அதே வரிக்குப் பெயர் 'சொத்து வரி'. விஷயம் தெரியாத கவுண்டரில் மாட்டினால் பேச்சு இப்படித்தான் போகும்:

"வீட்டு வரிச் சலுகைக்கு வந்தேன் சார்."

"இங்க வீட்டு வரின்னு ஒண்ணும் கிடையாது பெரியவரே. இது சொத்து வரி."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"அதை அந்த ஆபீஸ்ல கேளுங்க."

அந்த ஆபீஸ் என்றால்? மறுபடியும் 95 கிலோமீட்டர்!

கவுண்டர் குமாஸ்தாவை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920-ல் வந்தது. அதில் சொத்து வரி விலக்குக்கு ஒரு பட்டியல் இருந்தது. கோயில், மசூதி, தேவாலயம் உண்டு. சத்திரம் உண்டு. பள்ளிக்கூடம், தர்ம ஆஸ்பத்திரி, சுடுகாடு கூட உண்டு. போரில் ஊனமான சிப்பாய் வீடு? அந்தப் பட்டியலில் இல்லை.

2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புது விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் ராணுவக்காரரின் சலுகைக்கு வேர் இன்னும் படைவீரர் நலத்துறையில்தான். போரில் ஊனமடைந்தவர்கள், போரில் கணவனை இழந்தவர்கள், வீரதீர விருது பெற்றவர்கள் என்று தகுதி பார்ப்பதும் சான்று தருவதும் அந்தத் துறை. வரி வாங்குவது நகராட்சி. இரண்டுக்கும் நடுவில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது கால் இல்லாதவர்!

ஏறிய வரி

முன்பெல்லாம் வரி குறைவு. நூறு, இருநூறு என்று கட்டிவிட்டு மறந்துவிடலாம். 2022 ஏப்ரலில் கதை மாறியது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் ஏற்றினார்கள். 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். 1,800 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டியவருக்கு அது 900 ரூபாய் ஆனது. வருஷத்துக்கு 1,800 ரூபாய். பங்களாக்காரருக்கு இது ஒரு வேளை ஓட்டல் செலவு. பென்ஷனை வைத்து மருந்தும் மளிகையும் வாங்குபவருக்கு அப்படி இல்லை.

இன்னொரு கத்தியும் தொங்குகிறது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள் அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. கட்டாமல் இழுத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. "சலுகை உத்தரவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்திருந்தால் உத்தரவு வருவதற்குள் வட்டி வந்துவிடும். உத்தரவு கைக்கு வரும்வரை கம்ப்யூட்டரில் பாக்கி பாக்கிதான்.

எத்தனை சதவீத ஊனம்?

'ஊனம்' என்ற சொல்லுக்கு ராணுவக் காகிதத்தில் தனி இலக்கணம் உண்டு. கால் போனதை எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். காது கேட்காமல் போனதையும், பனிமலைக் காவலில் நெஞ்சு கெட்டதையும் யார் பார்ப்பது? அந்தக் கோளாறு ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா என்று மருத்துவக் குழு எழுதணும். பொதுவாக 20 சதவீதமாவது ஊனம் என்று எழுதினால்தான் ஊன ஓய்வூதியப் பேச்சே ஆரம்பிக்கும்.

இதற்காக சுப்ரீம் கோர்ட்டு வரை போனவர்கள் உண்டு. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் முக்கியமான தீர்ப்பு வந்தது. வேலைக்கு எடுக்கும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், ஆள் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என்றது கோர்ட்டு. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கணக்கில் எடுக்கும் சலுகை, முழுக் காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ஆனது.

இது பென்ஷன் கணக்கு. வீட்டு வரி கேட்டுப் போகும்போதும் இதே காகிதம்தான் பேசும். 'போரில் ஊனம்' என்பது வேறு, 'பணியில் ஊனம்' என்பது வேறு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள சொல்லும் அரசு ஆணையில் உள்ள சொல்லும் பொருந்தணும். ஒரு சொல் மாறினால் மனு திரும்பிவிடும்.

சீசன் ரூம் சிக்கல்

கொடைக்கானலுக்கே உரிய தலைவலி ஒன்றும் உண்டு. ஏப்ரல், மே வந்தால் ஊரில் ரூம் கிடைக்காது. பின்கட்டில் ஓர் அறையைச் சுற்றுலாக்காரருக்கு விட்டால் நாலு காசு வரும். ஆனால் சலுகை என்பது குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு. ரூம் வாடகைக்குப் போனால் வீடு வியாபாரக் கணக்கில் ஏறிவிடும். வரியும் ஏறும், சலுகைக்கும் ஆபத்து.

அடுத்தது பெயர். வீடு அப்பா காலத்தது, வரி ரசீது இன்னும் தாத்தா பெயரில்! இப்படி எத்தனையோ வீடுகள். ராணுவக்காரர் பெயரில் வரி விதிப்பு இல்லாவிட்டால் சலுகை யாருக்கு என்று எழுதுவார்கள்? முதலில் பெயர் மாற்றம். அதற்கு வாரிசுச் சான்று. அதற்குத் தாலுகா ஆபீஸ். வரிசையில் இது முதல் வேலை.

மற்ற ஊர்களில்...

மகாராஷ்டிரா அரசு 2020-ல் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் பால் தாக்கரே பெயரிலான திட்டத்தில் சொத்து வரி தள்ளுபடி அறிவித்தது. ஆந்திராவில் 2025 மே மாதம் துணை முதல்வர் பவன் கல்யாண், கிராமப் பஞ்சாயத்துகளில் வீடு உள்ள படைவீரர்களுக்குச் சொத்து வரி விலக்கு என்றார்.

கடல் கடந்து பார்த்தால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கணக்கு நேரானது. 100 சதவீத ஊனம் என்று படைவீரர் துறை எழுதிவிட்டால், அவர் குடியிருக்கும் வீட்டுக்கு 2009 முதல் சொத்து வரியே கிடையாது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஊன சதவீதத்துக்கு ஏற்றபடி வீட்டு மதிப்பில் கழிவு உண்டு. அங்கேயும் மனு போடத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சதவீதத்துக்கு எவ்வளவு என்று பட்டியலைப் பார்த்து அவரே தெரிந்துகொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை

திண்டுக்கல் போகும் ராணுவக்காரர் ஒரே தடவையில் வேலை முடிய வேண்டுமானால் பையில் இவை இருப்பது நல்லது: டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஊனம் பற்றிய மருத்துவக் குழுக் காகிதம், தன் பெயரில் உள்ள வரி ரசீது, ஆதார், பாஸ்புக். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். மூலத்தைக் காட்டணும், கொடுத்துவிட்டு வரக்கூடாது. மனு கொடுத்தால் ஏற்புச் சீட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது!

கீழே இறங்குவது யார்?

ஒரு காலத்தில் பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காட்ட பாங்கியில் வரிசையில் நிற்பார்கள். 2014-ல் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தது. இப்போது பேரன் கையில் உள்ள போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். சொத்து வரியையும் போனிலேயே கட்டலாம். வாங்கும் பணத்துக்கு மலையேறி வரும் கம்ப்யூட்டர், விடும் பணத்துக்கு மட்டும் ஏன் மலையேற மாட்டேன் என்கிறது?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொடைக்கானலில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. அரையாண்டுக்கு ஒரு நாள், வரி கட்டும் முதல் மாதத்தில், படைவீரர் நல அலுவலர் ஒருவரும் நகராட்சி வரிப் பிரிவு ஆள் ஒருவரும் ஒரே மேஜையில் உட்காரட்டும். ஊராட்சிச் செயலர்களும் வரட்டும். சான்றும் பதிவும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு தடவை பதிந்துவிட்டால் போன கால் திரும்ப முளைக்கப் போவதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நிரூபிக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 7-ம் கொடிநாள். 1949 முதல் நடக்கிறது. கடைக்காரர் கல்லாவில் இருந்தும், குமாஸ்தா சம்பளத்தில் இருந்தும் காசு போட்டுவிட்டு, சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொள்கிறோம். அந்தக் காசு யாருக்காக என்று கேட்டால் எல்லோரும் சரியாகப் பதில் சொல்வார்கள்.

அந்த 'யாரோ' ஒருவர் இன்று காலை முதல் பஸ்ஸுக்காகக் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் கைத்தடியோடு நின்றிருக்கலாம். கையில் மஞ்சள் பை. பைக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம். அவர் கீழே இறங்க வேண்டுமா, ஆபீஸ் மேலே ஏற வேண்டுமா? இரண்டு காலும் உள்ளவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.