இரும்புக் கன்னி சொல்லாத வரலாறு

சித்திரவதைக் கருவிகளைப் பற்றிப் புதிதாக ஒரு புத்தகம் வந்தால், அட்டையில் இரும்புக் கன்னி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆள் உயரப் பெட்டி, உச்சியில் பெண் முகம், கதவின் உட்புறம் கூரிய ஆணிகள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இடைக்காலக் கைதிகளை இதற்குள் நிறுத்திக் கதவைச் சாத்திக் கொன்றார்கள் என்று விளக்கமும் இருக்கும். 1515இல் அங்கே கள்ள நாணயம் அடித்த ஒருவன் இப்படி இறந்தான் என்று எழுதியவர் யோகான் பிலிப் ஸீபென்கேஸ். எழுதியது 1793இல், அதாவது ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து. அதற்கு முந்தைய பதிவு எதிலும் இப்படியொரு கருவியைக் காணோம். பார்வையாளர்களை ஈர்ப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவைதான் காட்சிக்கூடத்துக் கன்னிகள் என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. ஆகவே இத்தகைய புத்தகத்தைக் கையில் எடுக்கும் வாசகர் ஒரு கேள்வியை முன்வைக்க வேண்டும். இது கருவியின் கோரத்தை மட்டும் காட்டுகிறதா, அல்லது வதைக்க உத்தரவிட்டது யார், எதைப் பெறுவதற்காக என்பதையும் சொல்கிறதா? இரண்டாவதைச் சொல்லாத புத்தகம் எத்தனை படங்களைப் போட்டாலும் வரலாறு ஆகாது.

இரும்புக் கன்னி கட்டுக்கதை என்றால் பழைய ஐரோப்பா அவ்வளவு கொடியதல்ல என்று ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது, உண்மை அதைவிடக் கொடியது. 1532இல் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் வெளியான கரோலினா குற்றவியல் சட்டம் சித்திரவதைக்கு விதிமுறை வகுத்தது. கடும் தண்டனை விதிக்கக் குற்றவாளியின் வாக்குமூலம் வேண்டும், இல்லையேல் நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சி கிடைக்காத இடத்தில், போதிய சந்தேகம் இருந்தால், வாக்குமூலத்தை வதைத்துப் பெறலாம். அதற்குப் பெரும்பாலும் ஒரு கயிறே போதுமானதாக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டி மேலே தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். 1768இல் ஆஸ்திரிய ஆட்சியாளர் மரியா தெரேசா வெளியிட்ட சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி போனது. கட்டைவிரல் திருகியும் ஏணியும் எப்படி இருக்க வேண்டும் என்று அளவுகளோடு செதுக்கிய படங்கள் அந்த அரசாங்க நூலிலேயே உண்டு. எட்டு ஆண்டுகளில், 1776இல், ஆஸ்திரியா சித்திரவதையை ஒழித்தது. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் சித்திரவதையை ஏற்கவில்லை. ஆனால் அரசர் தனி உத்தரவு எழுதினால் அது நடந்தது. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸை முதலில் இலேசாகவும் பிறகு படிப்படியாகக் கடுமையாகவும் வதைக்கலாம் என்று முதலாம் ஜேம்ஸ் எழுதியனுப்பினார். வதைக்குப் பிந்தைய வாக்குமூலத்தில் ஃபாக்ஸ் இட்ட கையெழுத்து இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முதற்பெயர் மட்டும் நடுங்கும் கோடுகளாக விழுந்திருக்கிறது; குடும்பப் பெயரை எழுத முடியவில்லை. ஆணி வைத்த எந்தப் பெட்டியும் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்லாது.

நம் மண்ணுக்கும் இப்படி ஓர் ஆவணம் உண்டு. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க விவசாயிகளை வதைக்கிறார்கள் என்ற புகார் 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் விசாரித்து 1855இல் அறிக்கை அளித்தது. அதன் முன் வந்த புகார்கள் 1,959. அவற்றில் அடிக்கடி வரும் கருவி கிட்டி. ஒரு முனையில் பிணைத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலையோ தொடையையோ வைத்து, பாக்குவெட்டியை அழுத்துவதுபோல் நெரிப்பார்கள். அண்ணாந்தாள் கட்டுவதற்குக் கட்டைகூடத் தேவையில்லை. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால், சில நேரம் அவன் வேட்டியாலேயே, இழுத்துக் கட்டி வெயிலில் விட்டுவிடுவார்கள். விளைச்சல் பொய்த்து வரி கட்ட முடியாதவர்களைக் குனியவைத்து முதுகில் கல் ஏற்றிச் சுடுமணலில் நிறுத்தியதும், மனுக் கொடுத்தும் நியாயம் கிடைக்காததும் புகார்களில் பதிவாகியிருக்கின்றன. வரி கேட்ட அலுவலரின் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அதனால் அடித்தவரிடமே அடிபட்டவர் முறையிட வேண்டியிருந்தது. இதையெல்லாம் செய்ய எந்தக் கொல்லரும் இரும்பு உருக்கவில்லை.

இந்த அறிக்கையை ஆங்கிலேயர்களே எழுதினார்கள், இதை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம். சுதேசி ஊழியர்களே குற்றவாளிகள், ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று ஆணையம் எழுதியது உண்மை. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்துப் பேசியபோது, ஆங்கிலேய ஆட்சியின் பொறுப்பை அதிலிருந்தே காட்டினார். ஆணையத்தின் தீர்ப்பை ஏற்காமலே அதில் பதிவான சாட்சியங்களை ஏற்கலாம். கட்டையை அழுத்திய கை உள்ளூர்க் கைதான். அந்தக் கை வசூலித்த பணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கஜானாவுக்குப் போனது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

பயங்கரமான படங்கள்தானே மக்கள் மனத்தில் வெறுப்பை உண்டாக்கும், சட்டத்தையும் அறிக்கையையும் யார் படிப்பார்கள் என்பது இன்னொரு வாதம். வெறுப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு துருப்பிடித்த இரும்பின் மேல் வருகிறது. எங்கோ, எப்போதோ, யாரோ செய்த கொடுமை என்ற நிம்மதியோடு வாசகர் புத்தகத்தை மூடிவிடுகிறார். சட்டம் எழுதியவர்களுக்கு அந்த நிம்மதி இருக்கவில்லை. வாக்குமூலத்துக்காகத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கிய 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வாக்குமூலத்துக்காக வதைக்கும் போலீஸ் அதிகாரியையும் வரி பாக்கிக்காக வதைக்கும் வருவாய்த்துறை அதிகாரியையும் உதாரணமாகவே எழுதி வைத்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. இத்தனைக்குப் பிறகும் 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். அந்த வழக்கில் பேசப்பட்ட கருவி லத்தி. எந்த அருங்காட்சியகத்திலும் லத்தியைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை.

எனவே சித்திரவதையைப் பற்றிய புத்தகங்கள் வரட்டும், வாங்கிப் படிப்போம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தப் பொருள் எப்போது செய்யப்பட்டது, எந்தப் பதிவில் இருக்கிறது, யார் உத்தரவில் யார்மேல் பயன்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். எழுதாத பதிப்பாளரிடம் ஏன் இல்லை என்று கேட்போம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதை ஏற்றுத் தனிச்சட்டம் இயற்றும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை வற்புறுத்துவது, இந்த வரலாற்றைப் படித்த ஒவ்வொருவரின் கடமை.