வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு காவல்: ஃபயர்வால்



தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு போக, இப்போது சில ஊக்குநர்கள் குழுக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறார்கள். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த விலையில்லா லேப்டாப்கூட இதற்குப் பயன்படுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோருடைய சேமிப்பு, உள்கடன், ஆதார் நகல், பாஸ்புக் நகல் அத்தனையும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறதே! பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிற நாம், இதை எப்படிப் பூட்டுவது?

இன்டர்நெட்டில் சேர்ந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. அதற்கு 'போர்ட்' என்று பெயர். 65,535 வரை எண் போட்டிருக்கும். திறந்து கிடக்கிற வாசல் எது என்று தேடிப் பார்க்கிற புரோகிராம்கள் இன்டர்நெட்டில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைத் தடுப்பதுதான் 'ஃபயர்வால்'. தமிழில் தீச்சுவர். ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்க நடுவில் எழுப்புகிற சுவரிலிருந்து வந்த பெயர்.

அது செய்யும் வேலை எளிது. நாம் வங்கிப் பக்கத்தைத் திறந்தால், கேட்டது நாம்தான் என்று குறித்துக்கொண்டு, வருகிற பதிலை உள்ளே விடும். நாம் கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுவதை வெளியிலேயே நிறுத்திவிடும்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் திறக்கவில்லை, அழுத்தவில்லை. இன்டர்நெட் இணைப்பு இருந்ததே போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர்கள் தானாக அணைந்து அணைந்து எரிந்தன. அப்போதைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் ஆஃப் செய்தபடியே வந்தது! 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-லிருந்துதான் அது ஆன் ஆகியே வரத் தொடங்கியது. 2017 மே மாதம் 'வானாக்ரை' வந்தது. அது 445-ஆம் எண் வாசல் வழியாகப் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதனால் அப்டேட் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

ஆகவே கடையில் ஃபயர்வாலுக்கென்று தனியாகக் காசு கேட்டால் யோசியுங்கள். விண்டோஸிலேயே அது இருக்கிறது. விண்டோஸ் 10, 11-ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். அதில் 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்' என்பதற்குள் போனால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று இருக்கும். மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு, பிரவுசிங் சென்டர் போன்ற பொது வைஃபையில் சேரும்போது 'பப்ளிக்' என்றே வையுங்கள். பிள்ளைகள் கேம் ஓடவில்லை என்று ஆஃப் செய்துவிடுவது உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் ஒரு புரோகிராமை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி தோன்றும். பெயர் தெரியாததாக இருந்தால் 'கேன்சல்' கொடுங்கள். பிறகு தேவைப்பட்டால் திறந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நாமே கையைப் பிடித்து அழைத்து வருபவரை ஃபயர்வால் தடுக்காது. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்றதை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று போன் வந்தால், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். ஓ.டி.பி. சொல்லிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் டைப் அடித்துப் பழகட்டும். குழுக் கணக்கும் வங்கி வேலையும் அதில் வேண்டாம். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு மாற்ற முடியுமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஃபயர்வாலைப் பார்க்கிற அன்றைக்கே குழுக் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, கழற்றி, தீர்மான நோட்டோடு பெட்டியில் வையுங்கள். செருகியபடியே விட்டால், வானாக்ரை மாதிரி ஒன்று வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.