கூண்டில் ஏறும் நிபுணர்

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் வீட்டுத் திண்ணையில்தான் விழவேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நான் தொழில் பழகியதும் அத்தகைய ஒரு வீட்டில்தான். கபாலீசுவரர் கோவில் குளத்திற்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் அவ்வீடு இருந்தது. காலை ஏழு மணிக்கே கட்சிக்காரர்களும் சாட்சிகளும் வந்து காத்திருப்பர். சாட்சிகளுள் பெரும்பாலோர் தாம் கண்டதைச் சொல்ல வந்தவர்கள். ஒரு சிலர் மட்டும் எதையும் காணாதவர்கள். ஆயினும் சாட்சி சொல்ல வருபவர்கள். உடனே பொய்ச் சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். இவர்களுக்கு நிபுணர் சாட்சிகள் என்று பெயர். இவர்களைப் பற்றித்தான் இன்று மாணவ நேயர்களாகிய உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

சாட்சி என்பவன் கண்டதையும் கேட்டதையும் சொல்லலாமே அன்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லலாகாது. இது பொது விதி. ஆனால் ஒரு கையெழுத்து உண்மையானதா, ஒரு சுவர் ஏன் சரிந்தது, அயல்நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது என்ற கேள்விகளுக்கு நீதிபதி தம் சொந்த அறிவைக்கொண்டே விடை காண்பது எளிதன்று. அங்கே அத்துறையில் தேர்ந்தவரின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 45ஆம் பிரிவில் இடங்கொடுத்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தைப் பாரதிய சாக்ஷிய அதிநியமம் பிடித்துக்கொண்டது. அதில் இது 39ஆம் பிரிவு. என்னைப் போன்ற பழைய ஆட்களின் வாயில் இன்னும் நாற்பத்தைந்துதான் வருகிறது.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடிச் சென்றால் இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் போய் நிற்போம். வெல்ஸ் என்ற ஊரின் துறைமுகம் தூர்ந்துபோயிற்று. அதற்குக் காரணம் அருகில் ஒருவர் எழுப்பிய கரையா, இயற்கையா என்பது வழக்கு. 1782இல் மான்ஸ்பீல்டு பிரபு என்ற நீதிபதி, ஸ்மீட்டன் என்னும் புகழ்பெற்ற பொறியாளரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றார்.

துறைமுகம் கிடக்கட்டும். என் சொந்தச் சுவர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் தனியே வழக்கு நடத்தத் தொடங்கிய காலத்தில் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டுவதற்காக ஆழமாக அஸ்திவாரம் தோண்டியதில் அவருடைய பழைய வீட்டுச் சுவர்களில் நான்கு இடங்களில் விரிசல் கண்டது. நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை நிபுணராக அமர்த்தினேன். அவர் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் மேலும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விரிசல்களில் கண்ணாடி உடைந்தது. நான்காவதில் உடையவில்லை. அதுமட்டுமன்று, அந்த விரிசலுக்குள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு படிந்திருந்தது. அதாவது, கடைசியாக வெள்ளையடித்தபோதே அது இருந்திருக்கிறது.

"இது பழசு, சார்" என்றார் அவர். "அறிக்கையில் மூன்றைப் பற்றி மட்டும் எழுதுங்கள், நான்காவதைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம்" என்றேன் நான். அவர் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். ஆனால் வழக்குரையில் நான்கையும் சேர்த்தே நஷ்டஈடு கேட்டிருந்தேன். அதைத் திருத்தவும் இல்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்க்கட்சி வக்கீல் அதிகம் பேசவில்லை. நான்காவது விரிசலுக்குள் சுண்ணாம்பு இருந்ததா என்று கேட்டார். என் பொறியாளர் நேர்மையானவர், இருந்தது என்றார். அப்படியானால் ஏன் எழுதவில்லை என்பது அடுத்த கேள்வி. அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நீதிபதியும் என்னைப் பார்த்தார். மற்ற மூன்று விரிசல்களைப் பற்றி அவர் கூறிய மெய்யும் அந்தப் பார்வையிலேயே மதிப்பிழந்தது. கிடைத்த தொகை சுவருக்குப் பூச்சு வேலை செய்யக்கூடப் போதவில்லை. அன்று மாலை என் சீனியர், "நாமே முதலில் சொல்லியிருந்தால் என்னப்பா குறைந்திருக்கும்?" என்று கேட்டார். அந்த அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றளவும் உறுத்துகிறது.

அதன்பின் நிபுணரை அணுகும் முறையையே மாற்றிக்கொண்டேன். நமக்குச் சாதகமான தாள்களோடு பாதகமான தாள்களையும் அவர் முன் வைத்துவிடுவேன். எதிர்த்தரப்பு நிபுணர் என்ன சொல்லக்கூடும் என்று அவர் வாயாலேயே கேட்டு, இரண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்து அவருடைய சாஸ்திரத்தைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்வேன். கல்லாதவன் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. அறிக்கையின் வாசகம் மட்டும் அவருடையதாகவே இருக்கவேண்டும். வெறும் முடிவு போதாது, அதற்குரிய காரணங்களும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2009ஆம் ஆண்டு, வைத்தியம் பற்றிய ஒரு வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது.

கட்சிகள் அழைத்துவரும் நிபுணர் ஒருபுறமிருக்க, நீதிமன்றம் தானே ஆளனுப்பிப் பார்ப்பதும் உண்டு. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 26ஆம் கட்டளை இதற்கு வழி செய்கிறது. பெரும்பாலும் ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக நியமிப்பர். அவர் நில அளவையாளரோடும் நாடாவோடும் உச்சி வெயிலில் மனையைச் சுற்றிவருவார். இரு கட்சியாரும் இரு காதுகளிலும் பேசிக்கொண்டே பின்தொடர்வர். ஆவணங்களையும் இரசாயனப் பொருள்களையும் சோதிக்கும் அரசின் தடய அறிவியல் துறை, மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது.

இனி நம் நாட்டவர் அனைவரும் அறியவேண்டிய ஒரு வழக்குக்கு வருகிறேன். தஞ்சை மண்ணில் பத்தூர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே பாழடைந்து கிடந்த சிவன் கோவிலருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டியபோது நடராசர் வெண்கல உருவம் ஒன்று அகப்பட்டது. அது கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982இல் பம்ப்பர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி அதை இலண்டனில் விலைக்கு வாங்கிற்று. பின்னர் இலண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினர். கம்பெனி போலீஸ் கமிஷனர்மீது வழக்குத் தொடுக்க, இந்திய அரசும், தமிழ்நாடு அரசும், கோவிலும் உரிமை கோரி உள்ளே வந்தன.

இலண்டனில் இருப்பது பத்தூர் நடராசர்தானா? வழக்கின் உயிர்நிலை இதுவே. கண்ணால் கண்டவர் சாட்சி மட்டும் போதாது. அங்கே சாட்சிக் கூண்டில் ஏறியவர்களுள் ஒருவர் டாக்டர் இரா. நாகசாமி. 1966 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக விளங்கியவர்; 2022இல் மறையும்வரை சென்னையில் வாழ்ந்தவர். பத்தூரில் பின்னர் கிடைத்த மற்ற விக்கிரகங்களோடு இலண்டன் உருவத்தை ஒப்பிட்டு அதன் அமைதியை அவர் விளக்கினார். கம்பெனியின் தரப்பிலும் நிபுணர்கள் இருந்தனர். உலோகத்தைப் பற்றியும், ஒட்டியிருந்த மண்ணைப் பற்றியும், ஏன், கறையான் விட்டுச்சென்ற தடத்தைப் பற்றியும்கூட வாதம் நடந்தது! ஐயத்திற்கு அப்பாற்பட்ட உறுதி கிரிமினல் வழக்குக்கு உரியது. இது சிவில் வழக்காதலால் எது நேர்ந்திருக்கக்கூடியது என்று தராசைப் பார்த்தால் போதும். தராசு பத்தூர்ப் பக்கம் தாழ்ந்தது.

ஆயினும் இன்னொரு சிக்கல் எஞ்சியிருந்தது. கோவில் வழக்காட முடியுமா? தெய்வமும் ஒரு சட்ட ஆள் என்பது நம் சட்டக் கல்லூரி மாணவர் எவருக்கும் தெரியும்; பிரிவி கவுன்சிலே 1925இல் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இங்கிலாந்து நீதிமன்றத்திற்கு நம் சட்டம் அயல்நாட்டுச் சட்டம். அங்கே அது பத்தூர் மண்ணைப் போலவே நிரூபிக்க வேண்டிய ஒரு பொருள். ஆகவே இந்துச் சட்டம் அறிந்தவர்களும் கூண்டில் ஏறினர். இடிந்துபோன ஒரு கோவில், தன் சார்பில் ஒருவர் பேச, இலண்டன் மன்றத்தில் வழக்காடலாம் என்று முடிவாயிற்று. நீதிபதி இயன் கென்னடி 1988இல் நம் பக்கம் தீர்ப்பளித்தார். கம்பெனி அப்பீல் செய்தது. 1991 பிப்ரவரியில் அதுவும் தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டே நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.