மெய்நிகர்ப் பொறிகளின் களஞ்சியப் பெயர்ச்சி

பெரிய நிறுவனம் ஒன்றின் கணனி அறையினுள் இன்று புகுவோர் அங்குச் சில பெட்டிகளையே காண்பர். ஆயின், அச்சில பெட்டிகளினுள்ளே பல கணனிகள் ஒருங்கே தொழிற்படுகின்றன. மெய்யான பொறியொன்றின் அகத்தே, மென்பொருளின் வலியால், தனித்தனிப் பொறிகள் போன்றே இயங்கும் இவற்றை மெய்நிகர்ப் பொறிகள் என்பர். இக்கருத்துப் புதியதன்று. ஐ.பீ.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணனிகளுக்கு இவ்வசதியை 1972ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு அளித்தனர். சிறு கணனிகளின் வழிவந்த பொறிகளில் இதனைப் பெரிதும் பரப்பிய வீ.எம்.வெயார் நிறுவனம் 1998இல் தோன்றியது.

மெய்நிகர்ப் பொறி தன் வட்டு எனக் கருதுவது உண்மையில் ஒரு பெருங்கோப்பேயாகும். அக்கோப்பு வேறொரு பெட்டியில், பல வன்வட்டுகள் ஒருங்கிணைந்த வட்டுத்தொகுதியில் உறைகின்றது. வட்டொன்று பழுதுறினும் அதிலிருந்தவற்றை ஏனைய வட்டுகளிலிருந்து மீட்கத்தக்கவாறு அமைப்பதே இத்தொகுதியின் சிறப்பு. பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்து அறிஞராகிய பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையொன்றால் இவ்வமைப்பு ‘றெயிட்’ என்னும் பெயர் பெற்றது. எனினும் தொகுதிக்கும் முதுமை உண்டு. சில ஆண்டுகளின் பின் உற்பத்தியாளர் பராமரிப்பை நிறுத்துவர்; மாற்று வட்டுகள் கிடைப்பதும் அரிதாகும். அப்பொழுது கோப்புகள் யாவும் புதிய தொகுதிக்குப் பெயர்க்கப்படல் வேண்டும்.

பொறியை நிறுத்திவிட்டுப் பெயர்ப்பதில் அருமை யாதுமில்லை. ஆனால், வைத்தியசாலை ஒன்றின் குருதிப் பரிசோதனை முடிவுகளைத் தாங்கி நிற்கும் பொறியைப் பல மணிநேரம் நிறுத்துவது எங்ஙனம்? ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயர்த்தல் வேண்டும். இங்குதான் இடர் எழுகின்றது. கடையொன்றின் பேரேட்டை ஒருவர் படியெடுக்கின்றார் எனக் கொள்வோம். அவர் நாற்பதாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கையில், கணக்கப்பிள்ளை மூலப்பேரேட்டின் பத்தாம் பக்கத்தில் ஒரு தொகையைத் திருத்துகின்றார். படி முடிவுறும் வேளையில் அது மூலத்தோடு ஒவ்வாததாகிவிடும். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. அவர் முன்னிருந்த மூல ஏடு அசையாது கிடந்தது.

இத்தொல்லையைத் தீர்க்க வீ.எம்.வெயார் நிறுவனத்தார் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறைகளைக் கையாண்டனர். முதலாவது முறையில், மூலக் கோப்பு எழுதப்படாதவாறு மூடப்பட்டு, புதிய எழுத்துகள் யாவும் ஒரு துணைக்கோப்பிற் சேர்க்கப்பட்டன. மூலத்தைப் பெயர்த்தபின் துணைக்கோப்பையும், அதற்கிடையில் எழுந்த அடுத்த துணைக்கோப்பையும் முறையே பெயர்த்தனர். செயல் இடையில் தடைப்படின் ஒரு பொறியின் கோப்புகள் ஈரிடத்தும் சிதறிக் கிடக்கும் என்பது இதன் குறை. அது சிறிய குறையன்று.

இரண்டாவது முறையில், படியெடுக்கும் காலத்தில் மாற்றமுற்ற பகுதிகள் எவையென ஓர் அட்டவணையிற் குறிக்கப்பட்டன. முதற் சுற்றில் முழு வட்டும், அடுத்த சுற்றுகளில் மாறிய பகுதிகள் மட்டும் பெயர்க்கப்படும். எஞ்சியது மிகச் சிறிதானதும், பொறியைச் சிறுபொழுது நிறுத்தி அதனையும் பெயர்ப்பர். இதனைக் கணிதம் கற்கும் மாணவர் எளிதில் உணர்வர். வட்டின் அளவு 100 கிகாபைற்று, பெயர்க்கும் வேகம் செக்கனுக்கு 100 மெகாபைற்று, பொறி எழுதும் வேகம் செக்கனுக்கு 20 மெகாபைற்று எனக் கொள்க. எழுத்து ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்தில் விழுவதாகவும் கொள்வோம். முதற் சுற்றுக்கு 1000 செக்கன் செல்லும். அதற்குள் 20 கிகாபைற்று மாறிவிடும். அதற்கு 200 செக்கன், பின்னர் 40, பின்னர் 8. இது பொது விகிதம் ஐந்திலொன்றாகிய பெருக்கல் விருத்தி. முடிவிலி வரை கூட்டினும் 1250 செக்கனைத் தாண்டாது. ஆயின் பொறி எழுதும் வேகம் பெயர்க்கும் வேகத்தை எட்டிவிடின் பொது விகிதம் ஒன்றாகும், சுற்றுகள் குறுகவே மாட்டா, பெயர்ச்சியும் முடிவுறாது. பெரிதும் உழைக்கும் பொறிகளே இந்நிலைக்கு ஆளாவன என்பது ஈண்டு நோக்கற்பாலது.

2011இல் வந்த மூன்றாவது முறை இவ்விருத்தியையே அகற்றிவிட்டது. இதில் ஒரே சுற்றுத்தான் உண்டு. வட்டு மூன்று பகுதிகளாகக் கருதப்படும். பெயர்த்து முடிந்த பகுதியில் பொறி எழுதின், அவ்வெழுத்து பழைய தொகுதியிலும் புதிய தொகுதியிலும் ஒருங்கே பதியப்படும். இன்னும் பெயர்க்கப்படாத பகுதியில் எழுதின், பழையதிற் பதிந்தாற் போதும். படியெடுப்பவர் பின்னர் அவ்விடத்துக்கு வரவே போகின்றார். பெயர்க்கப்பட்டுக்கொண்டிருக்கும் சிறு பகுதியில் விழும் எழுத்து மட்டும் அப்பகுதி முடியும்வரை காத்திருக்கும். முன்னைய கதையிற் கூறின், நாற்பதாம் பக்கத்துக்கு முன் திருத்தும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை இரு பேரேடுகளிலும் திருத்துகின்றார். இத்துணை எளிய வழி முதலிலேயே தோன்றாமற் போனமை வியப்பே. இதற்கும் ஒரு விலை உண்டு: இரு தொகுதிகளும் ஏற்றபின்னரே எழுத்து நிறைவுறுமாதலால், மெதுவான தொகுதி எதுவோ அதன் வேகத்துக்கே பொறி கட்டுப்படும்.

முறை செம்மையாயினும் ஆபத்து முற்றும் நீங்கியதன்று. பெயர்ச்சியின்போது பழைய வட்டுகளின் நெடுநாள் தீண்டப்படாத மூலைகளும் படிக்கப்படுகின்றன. உறங்கிக்கிடந்த பழுதுகள் அப்பொழுதே வெளிப்படும். ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்கும் தொகுதியில், ஒன்று ஏற்கெனவே பழுதுற்றிருக்க வேறொன்று தவறின் யாவும் போயின. ஆதலின், தனியே காப்புப்படி எடுத்து, அதிலிருந்து ஒரு பொறியையேனும் மீட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்படியை நம்புவோர் பலர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை.

பெயர்ச்சி முடிந்தபின்னும் பழைய தொகுதியில் எஞ்சியவை சில இருக்கும்: நிறுத்திவைத்த பொறிகள், மறக்கப்பட்ட துணைக்கோப்புகள், கோப்பாகவன்றி நேரடியாகவே பொறியோடு இணைக்கப்பட்ட வட்டுகள் முதலியன. இவற்றைத் தேடியறிந்த பின், பழைய களஞ்சியத்தை முதலிற் கணனிகளின் பக்கத்திலிருந்து முறையாகக் கழற்றி, அதன் பின்னரே தொகுதியின் பக்கத்தில் துண்டித்தல் வேண்டும். வரிசை மாறின், கணனிகள் இல்லாத களஞ்சியத்தைத் தேடித் தவித்து, அவற்றுள் இயங்கும் ஏனைய பொறிகளையும் தடுமாறச் செய்யும். நோயாளர் விவரங்கள் போன்றவை பதிந்திருந்த வட்டுகளாயின், அவற்றை அழித்த பின்னரே அப்பெட்டி அறையை விட்டு வெளியேறலாம்.