பரண்ல தூங்குற மிக்சி: திருவண்ணாமலைக்காரங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு

இன்னிக்கு எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எதுவும் பேசப் போறதில்லை. உங்க வீட்டுப் பரண் மேல ஏறிப் பார்க்கப் போறோம்.

என்ன இருக்கும்? கல்யாணத்துக்கு மொய்யோட வந்த இரண்டு கெட்டில், ஆஃபர்ல வாங்கி நாலே தடவை தொட்ட சாண்ட்விச் மேக்கர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. கூடவே, 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மிக்சி. ஏற்கெனவே மிக்சி ஓடிக்கிட்டிருந்த வீட்டுல அது நேரா பரணுக்குப் போயிருக்கும். அம்மா அதை மட்டும் தர மாட்டாங்க, விட்டுடுங்க. மத்ததைப் பார்ப்போம்.

முதல்ல எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். 4,000 ரூபாய் மிக்சிக்குப் பழசைக் கொடுத்தா 500 குறைப்பாங்கன்னு வைங்க. நீங்க கட்டுறது 3,500. அதே மாடல் வேற கடையில எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே 3,600-க்குக் கிடைச்சா, உங்க பழைய மிக்சிக்குக் கிடைச்சது வெறும் 100 ரூபாய்தான். தள்ளுபடியைப் பார்க்காதீங்க, கடைசியில கையிலிருந்து போற தொகையைப் பாருங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு வசதி இருக்கு. தீபம் முடிஞ்சு வெயில் ஏறுற வரைக்கும், ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோடு பக்கம் இரண்டு மூணு மாசம் வாடகைக்குத் தங்க வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வருவாங்க. அவங்களுக்குத் தேவை ஒரு கெட்டில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அவ்வளவுதான். மார்ச்ல ஊருக்குக் கிளம்பும்போது அதையே கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுப் போவாங்க. அதனால விக்கிறவங்க கார்த்திகையில விக்கணும், வாங்குறவங்க பங்குனியில வாங்கணும். எல்லாரும் போகிக்குத்தான் பரணைக் காலி பண்றோம். ஒரு மாசம் முன்னாடியே பண்ணுங்க.

கெட்டில்ல போர் தண்ணி உப்பு வெள்ளையா படிஞ்சிருந்தா, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியைக் கொதிக்க வெச்சு ஊற விடுங்க, போயிடும். இண்டக்‌ஷன் அடுப்போட அதுக்குப் பொருந்துற ஒரு பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தா சீக்கிரம் போகும். ஆனா ஷாக் அடிக்குற, ஒயர் வெடிச்ச சாமானை யாருக்கும் விக்காதீங்க, இனாமாவும் கொடுக்காதீங்க.

ஓடாத மிக்சியா? தலைகீழாத் திருப்பி, அடியில இருக்குற சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்க. லோடு அதிகமானா மோட்டாரைக் காப்பாத்த அதுவே கரண்ட்டைத் துண்டிச்சிடும். நான் காயலான் கடைக்குன்னு மூட்டை கட்டி வெச்ச மிக்சி, அந்தப் பட்டனை அழுத்தினதும் ஓடிச்சு. எட்டு மாசம் சும்மா கிடந்திருக்கு! அப்பவும் ஓடலைன்னா கப்ளர், கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கலாம். இரண்டும் சின்னச் செலவுதான், ரிப்பேர் கடையில கேளுங்க.

நிஜமாவே செத்துப்போனதை மட்டும் எடைக்குப் போடலாம். ஆனா உள்ளே இருக்குற செம்புக்காக ஒயரை எரிச்சா அந்தப் புகை நம்ம தெருவுலதான் சுத்தும். 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்ல சமையலறைச் சாமான்களும் சேர்ந்திருக்கு. மறுசுழற்சிக்குத் தயாரிச்ச கம்பெனிதான் பொறுப்பு. கம்பெனி இணையதளத்துல "இ-வேஸ்ட்" பக்கத்தைத் தேடி, அங்க இருக்குற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

என் சாண்ட்விச் மேக்கர் இன்னும் விலை போகலை. கார்த்திகை வரட்டும்.