மியூசிக்கைக் குறைங்க... மெஷினைக் காட்டுங்க! பையரை நிமிர்ந்து உட்கார வைக்கும் கம்பெனி வீடியோ

வானத்திலிருந்து ட்ரோன் மெல்ல இறங்குகிறது. கூரை, தென்னை மரம், பெரிய கேட். கார் வந்து நிற்க, முதலாளி இறங்கி ஸ்லோமோஷனில் நடக்கிறார். 'இத்துறையின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று' என்று இடி முழக்கக் குரலில் ஆங்கில அறிமுகம். அடுத்து குத்துவிளக்கு, ஷோகேஸில் அடுக்கிய கோப்பைகள், கான்ஃபரன்ஸ் ஹாலில் கைகுலுக்கல். இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் ஒரு தையல் மெஷின்கூடக் கண்ணில் படவில்லை!

திருப்பூர், கோவை, கரூர் பக்கம் 'கம்பெனி வீடியோ' என்றால் பல நேரம் இதுதான் வார்ப்பு. கல்யாண வீடியோ எடுப்பவரே இதையும் எடுப்பதால் வந்த வினை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், 40 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்த ஒரு சின்ன யூனிட், நேரடி ஏற்றுமதி ஆர்டர் பிடிக்கலாம் என்று கடன் வாங்கி எடுக்கும் வீடியோ இது. பையர் பாதியில் மூடிவிட்டால், போனது வீடியோ காசு மட்டுமல்ல, அந்த வாய்ப்பும்தான்.

பார்க்கிறவர் யார்?

பனியன் ஏற்றுமதியில் இந்த வீடியோவைப் பார்ப்பவர், கடையில் டி-ஷர்ட் எடுக்கும் வாடிக்கையாளர் அல்ல. வெளிநாட்டு பிராண்டின் கொள்முதல் மேலாளர், பையிங் ஆபீஸ் மெர்ச்சண்டைசர், தரம் பார்க்கும் க்யூ.ஏ... இப்படிப்பட்டவர்கள். தவறான சப்ளையரைத் தேர்ந்தெடுத்து சரக்கு தாமதமானால், இவர்கள்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே, இவர்கள் வீடியோவில் தேடுவது அழகை அல்ல. 'இந்தக் கம்பெனியை நம்பி 20,000 பீஸ் கொடுக்கலாமா?' என்பதற்கான ஆதாரத்தை.

2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, நேரில் வந்து யூனிட்டைச் சுற்றிப் பார்க்கும் வழக்கமும் நின்றுபோனது. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடந்தே காட்டினார்கள். லைட்டிங் இல்லை, எடிட்டிங் இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். காரணம், அதில் வேலை தெரிந்தது.

அப்படியென்றால் பெரிய பட்ஜெட் வீடியோவே வீணா? அதுவும் இல்லை. 2013-ல் வால்வோ டிரக்ஸ் வெளியிட்ட விளம்பரம் நினைவிருக்கலாம். பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளின் கண்ணாடிகள்மீது கால் வைத்து நிற்கிறார் நடிகர் ஜான் கிளாட் வான் டாம். லாரிகள் விலக விலக, அவர் கால்களும் விரிகின்றன. யூடியூபில் 10 கோடிக்கும் மேல் பார்வைகள். வேடிக்கை பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், லாரி வாங்கும் முதலாளிக்கு அது சொன்ன செய்தி ஒன்றே ஒன்றுதான்... 'எங்கள் ஸ்டீயரிங் ஆடாது.' அந்த ஒன்றேகால் நிமிடம் முழுக்க அதற்கான நிரூபணம்.

12 விநாடியில் ஒரு சாட்சி

திருப்பூர் யூனிட்டுக்கு வான் டாம் தேவையில்லை. ஜி.எஸ்.எம் கட்டர் போதும்.

துணியின் எடையைச் சோதிக்கும் வட்ட வடிவ கட்டர் அது. 100 சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுக்கும். அந்தத் துண்டைத் தராசில் வைத்தால் 1.80 கிராம். நூறால் பெருக்கினால் 180 ஜி.எஸ்.எம். இதைப் படமாக்க எவ்வளவு நேரம் ஆகும்? கட்டரைத் திருகும் கை, தராசில் விழும் துண்டு, எண் நிற்கும் வரை ஒரு க்ளோசப். மொத்தமே 12 விநாடிதான். 'தரத்தில் சமரசமே இல்லை' என்று ஆங்கிலத்தில் முழங்குவதைவிட, அந்த 1.80 அதிகம் பேசும்.

இதேபோல, பனியன் கம்பெனிக்குள் அன்றாடம் நடக்கும் எத்தனையோ விஷயங்கள் கேமராவுக்காகவே காத்திருக்கின்றன. துணியில் 50 சென்டிமீட்டர் குறித்து, துவைத்து, மறுபடி அளந்து சுருக்கம் பார்ப்பது. 47.5 சென்டிமீட்டர் வந்தால் 5 சதவிகிதம் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். லைட் பாக்ஸில் ஒரே துணியைப் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கிலும், கடை வெளிச்சத்துக்கான டி.எல்.84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டுவது. பேக்கிங்குக்கு முன் பீஸ்களை மெட்டல் டிடெக்டர் வழியாக அனுப்புவது. கம்பெனிக்காரர்களுக்கு இதெல்லாம் சலித்துப்போன காட்சி. குழந்தைகள் உடை வாங்கும் பையருக்கோ, அந்த ஊசி ரெஜிஸ்டர்தான் க்ளைமாக்ஸ்!

சாயக் கழிவுநீர் விஷயமும் அப்படியே. 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதன் பிறகு கழிவுநீரைத் துளிகூட வெளியேற்றாத முறைக்குத் தொழில் மாறியதும் ஊரே அறிந்த கதை. உங்கள் துணிக்குச் சாயமேற்றும் ஆலையில் தண்ணீர் சுத்தமாகித் திரும்புவதையும், உப்பு பிரித்தெடுக்கப்படுவதையும் அனுமதி பெற்றுப் படமெடுத்தால், 'சுற்றுச்சூழலை நேசிக்கிறோம்' என்ற வாசகத்துடன் மரக்கன்று நடும் காட்சி தேவைப்படாது.

டியூப் லைட் செய்யும் குறும்பு

இவற்றை எடுக்க லட்ச ரூபாய் கேமரா கட்டாயமில்லை. நல்ல செல்போனும் ட்ரைபாடும் பெரும்பாலும் போதும். ஆனால், செல்போனில் எடுத்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்... 'வீடியோவில் மட்டும் ஏன் கோடு கோடாக ஓடுகிறது?'

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் விலை குறைந்த எல்.இ.டி-யும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். பல போன்கள் விநாடிக்கு 30 ஃப்ரேம் என்ற கணக்கில் எடுப்பதால், அந்த மினுக்கத்தோடு ஒத்துப்போகாமல் கோடு விழுகிறது. கேமரா செட்டிங்கில் 25 ஃப்ரேம் இருந்தால் அதை வைத்து, ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு விநாடியாக மாற்றினால் பிரச்னை அநேகமாகத் தீர்ந்துவிடும். ஐபோனில் 'பால் ஃபார்மேட்' என்ற வசதியை ஆன் செய்தால் 25 ஃப்ரேம் வரும். ஆண்ட்ராய்டில் 'ப்ரோ' மோடில் தேட வேண்டும்.

அப்படியே வொயிட் பேலன்ஸையும் லாக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் கேமராவைத் திருப்பத் திருப்ப மெரூன் துணி பிரவுனாகும். ஒரு எச்சரிக்கை: எவ்வளவு கவனமாக எடுத்தாலும், கலர் அப்ரூவலை வீடியோ பார்த்து வாங்கக் கூடாது. அதற்கு லேப் டிப் சாம்பிளை கூரியரில் அனுப்புவதுதான் வழி.

படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்கவில்லை என்றால் அடுத்த நொடி மூடிவிடுவார்கள். பவர் டேபிள் ஓடும் ஹாலில், பத்தடி தள்ளி நின்று போன் மைக்கில் பேசினால் ஓவர்லாக் சத்தம் மட்டுமே பதிவாகும். சட்டையில் மாட்டும் காலர் மைக் அவசியம். மைக் எவ்வளவு பக்கமோ, அவ்வளவு தெளிவு.

விளக்கக் குரலைத் தனியாகப் பதிவு செய்ய ஸ்டூடியோ தேட வேண்டாம். துணி ரோல்களை அடுக்கிவைத்திருக்கும் குடோனுக்குள் போய்ப் பேசுங்கள். சுற்றிலும் இருக்கும் துணி எதிரொலியை விழுங்கிவிடும். இந்த வசதி மற்ற தொழில்காரர்களுக்கு வாய்க்காது. மெஷின் சத்தத்தையும் அரை நிமிடம் தனியே பதிவு செய்துவைத்தால், பின்னணி இசைக்குப் பதில் அதையே மெல்லிசாக ஓடவிடலாம்.

முதலாளி எந்த மொழியில் பேச வேண்டும்?

'இங்கிலீஷில்தான் பேச வேண்டும்' என்று எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, கண் இங்கும் அங்கும் ஓட ஒப்பிக்கிறவர்கள் உண்டு. 25 வருடமாக நூல் வாங்கி, துணியைத் தொட்டுப் பார்த்தே கவுண்ட் சொல்லும் ஒருவரை இப்படிப் பள்ளிக்கூடப் பையனாக்குவது பாவம். சரளமாக ஆங்கிலம் வந்தால் பேசட்டும். இல்லையென்றால் தமிழிலேயே பேசவிட்டு, கீழே ஆங்கில சப்-டைட்டில் போடலாம். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, 'போன சீசனில் நூல் விலை ஏறியபோது என்ன செய்தீர்கள் அண்ணா?' என்று கேட்டால், மனிதர் மடமடவெனப் பேசுவார்.

சப்-டைட்டில் எப்படியும் வேண்டும். லிங்க்ட்இன் போன்ற தளங்களில் வீடியோ சத்தமில்லாமல்தான் ஓட ஆரம்பிக்கும். ஆபீஸில் பார்ப்பவரும் சத்தத்தைக் குறைத்திருப்பார். ஆப் தானாகப் போடும் சப்-டைட்டிலை அப்படியே விடாமல் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். 'ரிப்' என்பதும் 'இன்டர்லாக்' என்பதும் வேறு ஏதோ வார்த்தையாகிவிட்டால், தொழில் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

ஃப்ரேமில் வரக் கூடாதவை

ஆர்டர் கேட்டு எடுத்த வீடியோவே இருக்கிற ஆர்டரைக் கெடுக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பிராண்டுகள் டிசைன் ரகசியம் காக்கச் சொல்லி ஒப்பந்தம் போடுவது வழக்கம். அடுத்த சீசனுக்கான பிரின்ட், தைத்து அடுக்கிய பீஸின் கழுத்து லேபிள், அட்டைப்பெட்டியில் இருக்கும் பி.ஓ. நம்பர், கேட் கம்ப்யூட்டர் திரை, சுவரில் ஒட்டிய ஷிப்மென்ட் சார்ட்... இவற்றில் எது தெரிந்தாலும் வில்லங்கம். புது பையரும், 'இன்னொருத்தர் டிசைனை இப்படிக் காட்டுகிறவர், நம்முடையதை என்ன செய்வார்?' என்றுதான் யோசிப்பார். மெர்ச்சண்டைசர் ஒருவர் ஷூட்டிங் முழுக்க கூடவே நிற்பது நல்லது.

ஆடிட்டர் கண் வேறு மாதிரி. அது தீயணைப்பான் முன்னால் அடுக்கிய பெட்டியைப் பார்க்கும். அவசர வழி மூடியிருப்பதைப் பார்க்கும். கட்டிங் மாஸ்டர் கையில் ஸ்டீல் கையுறை இருக்கிறதா, தையல் மெஷினில் ஊசித் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கும். ஷூட்டிங்குக்காக மட்டும் கையுறை மாட்டிவிட்டால், அவர் தடுமாறுவதிலேயே தெரிந்துவிடும். முதலில் யூனிட்டைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் கேமரா.

தொழிலாளர்களிடம் சம்மதம் கேட்பதும் இதில் சேர்த்தி. ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைய பேர் இருக்கும் ஊர் இது. அவர்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு, வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும். ஷூட்டிங்கை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் வேலை கெடாது என்று நினைப்பார்கள். ஆனால், ஆளில்லாத பவர் டேபிளைப் படமெடுத்து யாருக்குக் காட்டுவது?

பேப்பரில் இருக்க வேண்டியவை

சினிமாப் பாட்டின் பி.ஜி.எம்-மைப் போட்டுவிட்டு, யூடியூபில் சத்தம் கட்டானதும் விழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உரிமம் வாங்காத இசை வேண்டவே வேண்டாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலேயே இலவச இசை கிடைக்கிறது. ட்ரோன் ஷாட் கட்டாயம் வேண்டும் என்றால், 2021 ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. ஆனாலும், எடிட் செய்யாத மூல வீடியோக்கள் கைக்கு வருமா, எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நீளம்? 1895-ல் லூமியர் சகோதரர்கள் எடுத்த, உலகின் ஆரம்பகாலப் படங்களில் ஒன்றே தங்கள் சொந்த ஃபேக்டரியிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சிதான். ஒருவகையில் கம்பெனி வீடியோ! அது ஒரு நிமிடம்கூட ஓடாது. இன்றைக்கும் ஒன்றரை நிமிடத்தில் ஒரு அறிமுக வீடியோ போதும். கூடவே ஜி.எஸ்.எம்., சுருக்கம், ஊசி, பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத் துண்டுகள். பையர் எதைக் கேட்கிறாரோ, அதை மட்டும் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் அப்படியே போகும்.

சர்டிஃபிகேட் காட்டும் காட்சியை மட்டும் குரலோடு பின்னாமல் தனித் துண்டாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடம் அந்த நான்கு விநாடியை மட்டும் வெட்டி, புதுச் சான்றிதழை ஒட்டிக்கொள்ளலாம்.