பல அகலப் பலகை வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடை வைத்திருக்கும் நமக்கு உப்புக் காற்றும் தரை ஈரமும் பழகிப் போனவை. அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் நேராக அடுக்கினால் அடி மூட்டை வீணாகும். ஆகவே குடோனில் பலகைத் தளம் போடுகிறோம். துறைமுகம் வழியே வந்த பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பழைய பலகை விலை குறைவு. ஆனால் அகலம் 4, 6, 8 அங்குலம் என்று கலந்தே வரும். நாம் ஏமாறும் இடம் இதுதான்.

12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறையை எடுத்துக் கொள்வோம். பரப்பு 120 சதுர அடி. ஓர் அங்குல கனத்தில் 12 சதுர அடி சேர்ந்தது ஒரு கன அடி. எனவே 10 கன அடி போதும் என்று தோன்றும். போதாது.

பலகையை நீளவாக்கில் போடுகிறோம். மூன்று அகலத்திலும் ஒவ்வொரு வரிசை சேர்ந்தது 18 அங்குலம். பக்கங்களை இழைத்தால் பலகைக்குக் கால் அங்குலம் போய், 17¼ அங்குலமே நிற்கும். அறையின் அகலம் 120 அங்குலம்; எனவே இப்படி 7 தொகுதி வேண்டும். அதாவது ஒவ்வோர் அகலத்திலும் 84 அடி நீளம். பரப்பாக்கினால்:

4 அங்குலம் – 28 சதுர அடி
6 அங்குலம் – 42 சதுர அடி
8 அங்குலம் – 56 சதுர அடி

மொத்தம் 126 சதுர அடி. வெட்டுச் சேதாரம் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் சுமார் 139 சதுர அடி, அதாவது 11½ கன அடி. துண்டுப் பலகை அதிகமானால் சேதாரமும் கூடும்.

"மொத்தம் 252 அடி நீளம், கலந்து போடுங்கள்" என்று மட்டும் மரவாடியில் சொல்லிவிடக் கூடாது. அதில் பாதி 4 அங்குலமாகவும், மீதி மற்ற இரண்டில் சரிபாதியாகவும் வந்தால் 115½ சதுர அடிதான் தேறும். நீளக் கணக்கில் காசு கொடுத்தவருக்கு 10½ சதுர அடி நஷ்டம். ஆகவே அகல வாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லி, தனித்தனியே அளந்து, சதுர அடியாக்கிய பிறகே பணம் கொடுங்கள்.

இன்னொன்று: ஒரு வரிசை முழுவதும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். 8 அங்குல வரிசையை 6 அங்குலத் துண்டால் முடிக்க முடியாது. ஒட்டு விழும் இடம் அடிச் சட்டத்தின் மேல் அமைய வேண்டும்.

பலகையில் உள்ள முத்திரையையும் பாருங்கள். 'எச்.டி.' என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது. உணவுச் சரக்குக்கு அதைத் தவிர்ப்பதே நலம். எண்ணெய், ரசாயனக் கறை படிந்த பலகையும் வேண்டாம்.

பருப்பை எடை போட்டு வாங்கும் நாம், பலகையையும் அளந்தே வாங்குவோம்.